கூடுதல் ஷிப்டா, ஓவர்டைம் வரம்பா: யூபிஎஸ் ஓட்டுநர் எந்தப் பட்டியலில் முதலில் பெயர் கொடுப்பது?

அமெரிக்காவில் பார்சல் நிறுவனமான யூபிஎஸ்ஸின் பழுப்பு வண்டியை ஓட்டும், டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்தின் உறுப்பினருக்கு இன்று இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று ஆறாம் நாள் வேலைக்கானது. வாரத்தில் ஐந்து நாள் ஓட்டியது போதாது, விடுமுறை நாளிலும் வருகிறேன் என்று தானாகப் பெயர் கொடுப்பவர்களின் பட்டியல் அது. ஓட்டுநர்கள் அதை 'சிக்ஸ்த் பஞ்ச்' என்கிறார்கள். மற்றது '9.5 பட்டியல்'. அதில் பெயர் கொடுத்தவரை நாளுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் அடிக்கடி ஓட்ட வைத்தால் நிறுவனம் அபராதம் கட்ட நேரிடும்.

முதல் பட்டியல் காசு வேண்டுபவனுக்கு, இரண்டாவது வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டுபவனுக்கு என்று ஓட்டுநர்களே பிரித்துப் பேசுகிறார்கள். அதனால் ஒரே டிப்போவுக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் 9.5 பட்டியலில் பெயர் கொடுங்கள், அப்புறம் உண்மையிலேயே பணம் தேவைப்படும் வாரத்தில் மட்டும் ஆறாம் நாளுக்குப் போங்கள் என்பதுதான் என் முடிவு. எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் அது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

அமெரிக்க ஓட்டுநர் கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியபோது, 'விரும்பும் தொழிலாளர்களுக்கு மட்டும்தான்' என்று அரசுத் தரப்பு சொன்னது நினைவிருக்கும். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். விருப்பம் என்று ஒன்று எப்போது உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் அன்று நம் ஊரில் எழுந்த கேள்வி. யூபிஎஸ் ஓட்டுநர்களும் பல ஆண்டுகளாக அதே கேள்வியோடுதான் போராடுகிறார்கள். அவர்கள் கையில் எழுதப்பட்ட ஒப்பந்தம் இருக்கிறது, வலுவான சங்கமும் இருக்கிறது. அதனால் அந்தக் கேள்வியை அங்கே இன்னும் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

இரண்டு உரிமைகளும் வந்த வழி

யூபிஎஸ்ஸும் சங்கமும் செய்த 2018 ஒப்பந்தத்தில் '22.4' என்றொரு புதிய ஓட்டுநர் வகை நுழைந்தது. ஒப்பந்தத்தில் அதைச் சொல்லும் பிரிவின் எண்ணே பெயராக நின்றுவிட்டது. வேலை அதே வேலைதான், சம்பளம் மட்டும் குறைவு. அதைவிட முக்கியமாக, அந்த வகையில் சேர்ந்தவர்களுக்கு 9.5 பாதுகாப்பு கிடையாது. வாக்களித்த உறுப்பினர்களில் 54 சதவீதம் பேர் அந்த ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். ஆனாலும் உறுப்பினர்களில் பாதிப் பேர்கூட வாக்களிக்காததால், அப்படிப்பட்ட நிலையில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்ப்பு இருந்தால்தான் செல்லும் என்ற அன்றைய சங்க விதியைக் காட்டி, தலைமை அதை நிறைவேற்றிவிட்டது. அந்தக் கசப்பு ஆறவே இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பார்சல்கள் மலையாகக் குவிந்தபோது, விடுமுறை நாளிலும் கட்டாயமாக வரச்சொல்லும் பழக்கம் அந்தக் கசப்பை இன்னும் கூட்டியது.

2021 தேர்தலில் ஷான் ஓ'பிரையன் அணி சங்கத் தலைமையைப் பிடித்தது. 2023 கோடையில் வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை போய், ஆகஸ்ட் 22 அன்று புதிய ஒப்பந்தம் 86.3 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. சுமார் 3,40,000 பேருக்கான ஒப்பந்தம் அது, 2028 ஜூலை 31 வரை செல்லும். 22.4 வகை ஒழிந்தது, அதில் இருந்தவர்கள் வழக்கமான ஓட்டுநர்களானார்கள். விடுமுறை நாளில் கட்டாய ஓவர்டைமும் ஒழிந்தது. ஆக, இன்று ஒருவர் ஆறாம் நாள் வண்டியெடுக்கிறார் என்றால் அது அவராகப் பெயர் கொடுத்ததால். விரும்பினால் மட்டும் வேலைக்கு வரும் இந்த உரிமையே, கட்டாயத்தை எதிர்த்து வாக்களித்து வென்ற உரிமை என்பதை மறக்கக் கூடாது.

9.5 பட்டியல் எப்படி வேலை செய்கிறது

பெயரைக் கேட்டால் ஒன்பதரை மணிக்கு வண்டி நின்றுவிடும் போலத் தோன்றும். அப்படியல்ல. பட்டியலில் உள்ள ஓட்டுநரை ஒரு வாரத்தில் மூன்று நாட்கள் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வைத்தால், அவர் சங்கம் வழியாகப் புகார் மனு போடலாம். புகார் நிரூபணமானால் ஒன்பதரைக்கு மேல் ஓடிய நேரத்துக்கு வழக்கமான ஓவர்டைமைவிடப் பெரிய அபராத ஊதியம் கிடைக்கும். இரண்டு நாட்கள் பன்னிரண்டு மணி நேரம் ஓடினாலும் இந்தப் பிரிவு எதுவும் பேசாது. நவம்பர், டிசம்பர் நெரிசல் மாதங்களில் பட்டியலே வேலை செய்யாது. தானாகவும் யாரையும் சேர்க்க மாட்டார்கள், ஓட்டுநர்தான் பெயர் கொடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சங்கப் பிரதிநிதிகள் செய்ய வேண்டிய முதல் வேலை, புதிதாக வந்தவரிடம் இந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்வது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பட்டியலில் இருக்கும் ஒருவரின் வண்டியிலிருந்து முப்பது நிறுத்தங்களை எடுத்தால், அவை பக்கத்து ரூட்காரரின் வண்டிக்குத்தான் போகும். 'உன் ஒன்பதரைக்கு நான் இரவு பத்து மணிவரை ஓட வேண்டுமா?' என்ற கோபம் இங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனால் அது போக வேண்டிய இடம் வேறு. முப்பது நிறுத்தங்களை இன்னொருவர் தலையில் கட்டியது பட்டியலில் பெயர் கொடுத்தவர் அல்ல. இன்னொரு ரூட் போட்டு இன்னோர் ஆளை அனுப்பாத நிர்வாகம்தான் கட்டியது. ஒரு டிப்போவில் ஐந்தாறு பேர் மட்டும் பட்டியலில் இருந்தால் சுமையை மற்றவர்கள்மேல் தள்ளிவிட முடியும். பெரும்பாலானோர் இருந்தால் தள்ள இடமே இருக்காது. அப்போது புதிய ரூட் போட்டே ஆக வேண்டும். இந்தப் பாதுகாப்பு ஒருவராக எடுத்தால் மெலிந்தும், கூட்டமாக எடுத்தால் பலமாகவும் இருக்கிறது.

அபராதக் காசுக்காகவே பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. நிறுவனம் எப்படியும் மீறும், மீறினால் பணம் வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பந்தத்தில் அந்தத் தொகை வைக்கப்பட்டது நிறுவனம் மீறாமல் இருப்பதற்காக. மாதாமாதம் வரும் வருமானமாக அது மாறிவிட்டால், விலை கட்டுப்படியாகிறது என்று நிறுவனம் முடிவு செய்துவிட்டதாகத்தான் பொருள்.

காசுக் கணக்கு

ஒப்பந்தத்தின் முடிவில் முழுநேர ஓட்டுநரின் சராசரி உச்ச ஊதியம் மணிக்கு 49 டாலராக இருக்கும் என்று சங்கம் சொல்கிறது. கணக்கு எளிதாக இருக்க 45 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 67.50.

எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் தினமும் 11 மணி நேரம், ஐந்து நாள் ஓடுகிறவர் 55 மணி நேரம் உழைக்கிறார். வரி பிடிப்பதற்கு முன் 2,812.50 டாலர் வரும். 9.5 பட்டியலில் இருந்து, தினமும் சரியாக ஒன்பதரை மணி நேரத்தில் முடிப்பவர் 47.5 மணி நேரம் உழைத்து 2,306.25 வாங்குகிறார். வாரத்துக்கு 506 டாலர் வித்தியாசம், நான்கு வாரத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டும். பல ஊர்களில் அது வீட்டு வாடகை. ஆகவே 'ஆரோக்கியம்தான் முக்கியம், காசு வரும் போகும்' என்று யாராவது ஓட்டுநரிடம் சொன்னால், வாடகையை யார் கட்டுவது என்று அவர் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பதில் மூன்றாவது கணக்கில் இருக்கிறது. அதே 9.5 பட்டியல்காரர் ஒரு விடுமுறை நாளில் எட்டு மணி நேரம் தானாக வருகிறார். அந்த ஒரு நாளுக்கு 540 டாலர். அந்த வார மொத்தம் 2,846.25, உழைப்பு 55.5 மணி நேரம். முதல் ஆளுக்கும் இவருக்கும் பணத்தில் 34 டாலர்கூட வித்தியாசம் இல்லை, நேரத்தில் அரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் முதல் ஆள் எந்த இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பது காலையில் வண்டியில் எத்தனை பார்சல் ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டாம் ஆளுக்கு ஐந்து மாலைகளும் ஓரளவு தெரிந்த மாலைகள். ஆறாம் நாளைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் முடிவு. பள்ளி விழா இருக்கிற வாரம் விட்டுவிடலாம், கார் பழுதான மாதம் இரண்டு முறை போகலாம். வருமானத்தில் பெரிய இழப்பில்லாமல் முடிவெடுக்கும் உரிமை கைக்கு வருகிறது என்றால், வரம்பை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

அதற்காக ஒன்பதரை மணி நேரம் சின்ன நாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலை ஒன்பதுக்கு வண்டி எடுத்து, உணவு இடைவேளையும் சேர்ந்தால் டிப்போவுக்குத் திரும்ப மாலை ஏழரை ஆகிவிடும். அதற்கு மேல் வீட்டுக்கு வரும் நேரம். சின்னக் குழந்தை உள்ள வீட்டில், அது தூங்குவதற்கு முன்னால் முகம் பார்க்கலாம் என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் கிடைத்துவிடாது. வரம்பு கேட்பவர்களைச் சோம்பேறிகள் என்று பேசுகிறவர்கள் இந்த மணிக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

வரி பற்றி ஓர் எச்சரிக்கை. 2025இல் வந்த அமெரிக்க வரிச்சட்டம் 'ஓவர்டைமுக்கு வரி இல்லை' என்று பிரபலமானது. அதை நம்பி ஆறாம் நாளுக்குப் பெயர் கொடுப்பவர்கள் நிதானிக்க வேண்டும். வரிக் கழிவு கிடைப்பது முழு ஓவர்டைம் பணத்துக்கு அல்ல, ஒன்றரை மடங்கில் மேலதிகமாக வரும் அந்த அரைப் பங்குக்கு மட்டும். நம் கணக்கில் 67.50இல் 22.50 டாலர். அதுவும் தனிநபருக்கு ஆண்டுக்கு 12,500 டாலர்வரை, வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டினால் குறைந்துகொண்டே போகும், 2028 வரைதான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, 1938ஆம் ஆண்டின் நியாயமான உழைப்புத் தரச் சட்டப்படி கட்டாயமான ஓவர்டைமுக்குத்தான் இந்தச் சலுகை. 10,000 பவுண்டுக்கு மேல் எடைத் தகுதி கொண்ட வண்டிகளை மாநிலங்களுக்கிடையிலான சரக்குப் போக்குவரத்தில் ஓட்டுகிறவர்கள் பலர் அந்தச் சட்டத்தின் ஓவர்டைம் பிரிவிலிருந்தே விலக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு ஓவர்டைம் கிடைப்பது சங்க ஒப்பந்தத்தால். ஒப்பந்தத்தால் மட்டும் வரும் பணத்துக்கு இந்தக் கழிவு பொருந்தாது. வரிக் கணக்கரிடம் கேட்காமல் இந்தச் சலுகையை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

ஓய்வூதியத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல டீம்ஸ்டர்ஸ் நிதிகளில் நிறுவனம் செலுத்தும் பங்கு வாரத்துக்கு 40 மணி நேரம் அல்லது ஆண்டுக்கு 2,080 மணி நேரம் என்ற அளவோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட நிதியில் ஆறாம் நாள் உழைப்பு இன்றைய காசோலையைப் பெருக்கும், முதுமையின் காசோலையைப் பெருக்காது.

உடம்பு

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும் இதயநோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் அதிகம் என்று அது சொன்னது. 2016இல் மட்டும் உலகம் முழுவதும் 7,45,000 மரணங்களை நீண்ட வேலை நேரத்தோடு அது தொடர்புபடுத்தியது.

நான் போட்ட கணக்கில் முதல் ஆள் 55 மணி நேரம், மூன்றாம் கணக்கின் ஆள் 55.5 மணி நேரம். இரண்டுமே அந்தக் கோட்டின்மேல் நிற்கின்றன. தானாக விரும்பி உழைத்தது என்பதற்காக இரத்தக் குழாய்கள் சலுகை தராது. அதனால்தான் ஆறாம் நாளைப் பழக்கமாக்காமல் தேவைக்கு மட்டும் என்று சொல்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போகிறவரின் உடம்பு வேறு, எல்லாச் சனியும் போகிறவரின் உடம்பு வேறு. அதிலும் கோடையில் இந்த வண்டிகளின் பின்பகுதி சூளையாகக் கொதிக்கும். 2023 ஒப்பந்தப்படி 2024 ஜனவரி 1க்குப் பிறகு வாங்கும் வண்டிகளில்தான் குளிர்சாதன வசதி. பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குளிர்சாதனம் இல்லாத வண்டியில் ஆறாம் நாள் ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், 540 டாலராக இருந்தாலும்.

அமெரிக்க மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு விதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. சரக்கு வண்டி ஓட்டுநர் பணி தொடங்கி 14 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 11 மணி நேரம்தான் வண்டியை ஓட்டலாம். ஏழு நாளில் 60 மணி நேரம், அல்லது தினமும் இயங்கும் நிறுவனமென்றால் எட்டு நாளில் 70 மணி நேரம் என்ற உச்சவரம்பும் உண்டு. ஆனால் பார்சல் ஓட்டுநரின் நாளில் ஸ்டீயரிங் பிடிக்கும் நேரத்தைவிட, ஏறி இறங்கிச் சுமக்கும் நேரம்தான் அதிகம். 11 மணி நேர வரம்பு அவரைத் தொடுவதே அபூர்வம். 60, 70 மணி நேரம் என்பது, கண் அயர்ந்து யார்மேலாவது மோதாமல் இருக்க வைத்த கோடு. மனிதன் வாழ்வதற்கென்று வைத்த கோடு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

அடுத்தவர் வேலை

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகக் கனமாகப் படுவது இதுதான்.

ஐந்து ஓட்டுநர்கள் ஆளுக்கு எட்டு மணி நேரம் ஆறாம் நாள் வேலைக்கு வந்தால் 40 மணி நேரம். அது ஒரு முழுநேர ஓட்டுநரின் ஒரு வாரம். எல்லா வாரமும் அப்படியே நடந்தால், அந்த டிப்போவில் இருக்க வேண்டிய ஓர் ஓட்டுநர் இல்லாமல் போகிறார். அந்த ஓட்டுநர் யார்? பெரும்பாலும் அதே கட்டடத்தில் விடியற்காலையில் பார்சல் ஏற்றிக்கொண்டு, முழுநேர வேலைக்காகப் பணிமூப்பு வரிசையில் காத்திருக்கும் பகுதிநேரத் தொழிலாளி. 1997 ஆகஸ்டில் சுமார் 1,85,000 டீம்ஸ்டர்கள் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தது பகுதிநேர வேலைகளை முழுநேர வேலைகளாக்கத்தான். அப்படி 10,000 புதிய முழுநேர வேலைகளுக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தத் தலைமுறை சம்பளத்தை இழந்து வாங்கிய வேலைகளை இன்றைய தலைமுறை சனிக்கிழமை சனிக்கிழமையாக விட்டுக்கொடுத்தால் நியாயமா?

நிறுவனம் ஆள் எடுக்காமல் ஓவர்டைம் கொடுப்பதற்குக் காரணம் எளிது. ஒன்றரை மடங்கு ஊதியம் விலை அதிகமாகத் தோன்றும். ஆனால் யூபிஎஸ் டீம்ஸ்டர்கள் மருத்துவக் காப்பீட்டுக்குத் தங்கள் சம்பளத்திலிருந்து பிரீமியம் கட்டுவதில்லை, முழுச் செலவும் நிறுவனத்துடையது. புதிதாக ஓர் ஆள் வந்தால் அவர் குடும்பத்துக்கான காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, விடுமுறை, பயிற்சி எல்லாம் சேரும். இருக்கிற ஆளிடம் இன்னும் எட்டு மணி நேரம் வாங்கினால் அதில் எதுவும் கூடாது. 1938 சட்டம் ஒன்றரை மடங்கு வைத்ததன் நோக்கங்களில் ஒன்று, நீண்ட நேர வேலையின் விலையை ஏற்றி, முதலாளியைக் கூடுதல் ஆள் எடுக்க வைப்பது. பெருமந்தத்தில் லட்சக்கணக்கானோர் வேலையின்றி நின்ற காலம் அது. தலைக்கு இவ்வளவு என்று நலத்திட்டச் செலவு ஏற ஏற, அந்த ஒன்றரை மடங்கு மட்டும் அந்த வேலையைச் செய்ய முடியாமல் போயிற்று. 9.5 பட்டியலின் அபராதமும், ஆறாம் நாளுக்கு வர மறுக்கும் உரிமையும் அந்த இடத்தை நிரப்புகின்றன.

இப்போது காலமும் மாறிவிட்டது. 2025 ஜனவரியில் அமேசான் பார்சல்களைப் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்ளப் போவதாக யூபிஎஸ் அறிவித்தது. அதே ஆண்டில் ஓட்டுநர்கள் தாமாக விலகிப்போகப் பணம் தரும் திட்டம் ஒன்றை முன்வைத்தது, சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. அக்டோபரில், செயல்பாட்டுப் பிரிவில் அந்த ஆண்டு சுமார் 34,000 வேலைகள் குறைந்துவிட்டதாக யூபிஎஸ் சொன்னது. பார்சல் பெருகிய 2021இல் ஆறாம் நாள் போவதும், ஆட்குறைப்பு நடக்கும் நாளில் போவதும் ஒன்றல்ல.

விரும்பிப் போகிறவர் பக்கம்

மறுபக்கத்தையும் அதன் முழு பலத்தோடு சொல்லாவிட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது.

புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர் உச்ச ஊதியத்தைத் தொட நான்கு ஆண்டுகள் ஆகும். 23 டாலரில் தொடங்குகிறார். ஓவர்டைம் விகிதம் மணிக்கு 34.50, ஆறாம் நாள் முழுக்க உழைத்தால் 276 டாலர். வீட்டில் ஒரே சம்பளம், பழைய கடன், கைக்குழந்தை என்றால், அவரிடம் போய் வர்க்க ஒற்றுமை பேசுவதற்கு முன்னால் அவர் வீட்டுச் செலவைக் கேட்க வேண்டும். ஓய்வுபெற இரண்டு ஆண்டே இருக்கும் மூத்தவர் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சனிக்கிழமைகளைக் கொடுப்பதும் மரியாதைக்குரிய முடிவுதான். சங்கம் என்பது உறுப்பினரைக் கட்டாய வேலையிலிருந்து காப்பதற்கு. உழைத்துச் சம்பாதிக்க நினைப்பவரை வெட்கப்பட வைப்பதற்கல்ல. 2023இல் கிடைத்தது தடை அல்ல, தேர்வு. அதைப் பயன்படுத்துகிறவரைத் துரோகி என்று அழைப்பது சங்கத்தைப் பலவீனப்படுத்தும்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆறாம் நாளுக்குத் தானாகப் பெயர் கொடுப்பது வேறு. 9.5 பட்டியலில் பெயர் கொடுக்காமல் இருந்து, நிர்வாகம் விரும்பிய நேரம்வரை தினமும் ஓடுவது வேறு. இரண்டாவதில் ஓட்டுநர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த நாள் எவ்வளவு பணம் வரும் என்றும் அவருக்குத் தெரியாது. பணம் தேவை என்பவர்களுக்கும் முதல் வழிதான் நல்லது.

பிற நாடுகள் இதே முடிச்சை எப்படி அவிழ்த்தன என்று பார்த்தால் பிரிட்டனின் அனுபவம் நமக்கு உதவும். அங்கே 1998 முதல் வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம் என்ற சட்ட வரம்பு இருக்கிறது. தொழிலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதிலிருந்து விலகிக்கொள்ளலாம், பிறகு முன்னறிவிப்புக் கொடுத்துத் திரும்பவும் வரலாம். ஆனால் கனரக வண்டி ஓட்டுநர்களுக்கு, 2005இல் வந்த தனி விதிகளின்படி, அந்த விலகல் கையெழுத்தே கிடையாது. சராசரி 48, எந்த ஒரு வாரத்திலும் 60 மணி நேரம் என்பது அவர்கள் விரும்பினாலும் மீற முடியாத கோடு. சாலையில் இருப்பது அவர்கள் மட்டுமல்ல என்பதுதான் காரணம்.

ஜப்பானில் யமாட்டோ என்ற பார்சல் நிறுவனத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 2017 ஊதியப் பேச்சுவார்த்தையில் அங்குள்ள சங்கம் ஏற்கும் பார்சல்களின் அளவையே கட்டுப்படுத்தச் சொன்னது. நிறுவனம் மதிய நேரத்துக்கான குறித்த வேளை டெலிவரியை நிறுத்தியது, 27 ஆண்டுகளில் முதல்முறையாக அடிப்படைக் கட்டணத்தை உயர்த்தியது. ஓட்டுநரின் நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்று சங்கம் உறுதியாக நின்றபோது, வாடிக்கையாளர் கொடுக்கும் விலை மாறியது. யூபிஎஸ் ஓட்டுநர்கள் எல்லாச் சுமையையும் தங்கள் சனிக்கிழமைகளால் தாங்கிக்கொண்டிருக்கும்வரை, விலையையோ ரூட் எண்ணிக்கையையோ மாற்ற யாருக்கும் அவசரம் இருக்காது.

அப்படியென்றால் யார் என்ன செய்வது

உச்ச ஊதியம் வாங்கும் ஓட்டுநருக்கு என் பதில் தயக்கமில்லாதது. 9.5 பட்டியலில் பெயர் கொடுங்கள். ஆறாம் நாளை மாதத்துக்கு ஒன்று, அல்லது குறிப்பிட்ட செலவு வரும்போது மட்டும் என்று நீங்களே வரையறுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இருந்துகொண்டே அடிக்கடி ஆறாம் நாள் வந்தால், 'இவருக்குக் கூடுதல் வேலை நேரம்தான் வேண்டுமே, எதற்குப் புகார்?' என்று விசாரணையில் நிர்வாகம் வாதிடத் தோதாகிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். உங்கள் வட்டாரத் துணை ஒப்பந்தம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று சங்கப் பிரதிநிதியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னும் உச்ச ஊதியத்தை எட்டாதவர் அதிக முறை ஆறாம் நாள் போனால் நான் குறை சொல்ல மாட்டேன், அவரும் முதலில் 9.5இல் பெயர் கொடுத்திருந்தால். வேலை நிரந்தரமாவதற்கு முந்தைய தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு நடைமுறையில் தேர்வே இல்லை. அவர் வேலையை நிரந்தரமாக்கிக்கொள்ளட்டும், மற்றவர்கள் அவரைக் காக்கட்டும். நெஞ்சுவலி, சர்க்கரை, முழங்கால் தேய்மானம் என்று மருத்துவர் எச்சரித்தவர்களுக்கு ஆறாம் நாள் வேண்டவே வேண்டாம். துணை ஒப்பந்தம் இடம் தருகிற இடங்களில் எட்டு மணி நேர நாள் கேட்டு மனுக் கொடுக்கும் உரிமையையும் அவர்கள் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

பட்டியலில் பெயர் கொடுத்த பிறகு தினமும் வண்டி எடுத்த நேரம், திரும்பிய நேரம் இரண்டையும் ஒரு சிறு நோட்டில் குறித்துவையுங்கள். மூன்றாம் நாள் ஒன்பதரை தாண்டிய வாரம் முடிந்ததும் புகாரை எழுதிக் கொடுத்துவிடுங்கள், மறுவாரத்துக்குத் தள்ளாதீர்கள். மேற்பார்வையாளர் நல்லவர், பழகியவர் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். புகார் அவர்மேல் அல்ல, ரூட் எண்ணிக்கையைக் குறைத்த திட்டத்தின்மேல்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் கட்டடத்தில் ஆட்குறைப்பில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்கள் இருக்கிறார்களா? வெள்ளிக்கிழமை ஆறாம் நாள் பட்டியல் வரும் முன்பே சங்கப் பிரதிநிதியிடம் இதைக் கேட்க வேண்டும். அப்படி யாராவது இருந்தால், அந்த வாரம் உங்களுக்கு எவ்வளவு பணத் தேவை இருந்தாலும் பெயர் கொடுக்காதீர்கள். அந்தச் சனிக்கிழமை வேலைக்கு அவர்களில் ஒருவரைக் கூப்பிடச் சொல்லி, உங்கள் பெயரிலேயே மனு எழுதுங்கள்.